நாக்ஸ்வில்லில் ஒரு ஞாயிற்றுக்கிழமை: வதந்தி திருப்பி அனுப்பிய பயிற்சியாளர்

டென்னசி பல்கலைக்கழகத்தின் நாக்ஸ்வில் வளாகத்தில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. எடை ஏறத்தாழ 97 டன். பெயரும் 'பாறை'தான். மாணவர்கள் அதில் பெயிண்ட் அடித்து எதையாவது எழுதுவார்கள். பிறந்தநாள் வாழ்த்து இருக்கும், போட்டிக்கு முந்தைய நாள் உற்சாக வாசகம் இருக்கும், சில சமயம் கோபமும் இருக்கும். இன்று எழுதியதன் மேல் நாளை இன்னொருவர் அடித்துவிடுவார். 2017 நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாறையில் ஒருவருடைய பெயரை எழுதி, குழந்தைகளுக்கு நடந்த பாலியல் கொடுமையை மூடி மறைத்தவர் என்று யாரோ எழுதினார்கள். பெயருக்கு உரியவர் அந்த ஊர்க்காரர் இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளராக வரச் சம்மதித்திருக்கிறார் என்ற செய்தி அன்று மதியம்தான் வெளியே வந்திருந்தது. இரவுக்குள் அந்த வேலை அவருக்கு இல்லை என்றாகிவிட்டது.

அவர் பெயர் கிரெக் ஷியானோ.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் நவம்பர் கடைசி வந்துவிட்டால் யூகத்துக்குப் பஞ்சமே இருக்காது. யாரை நீக்கப் போகிறார்கள், யார் எங்கே தாவுகிறார், யாருடைய ஏஜென்ட் யாரோடு பேசினார் என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் அது பேச்சோடு போய்விடும். பேசுவது ரசிகர்கள், முடிவெடுப்பது பல்கலைக்கழகம். டென்னசியில் அந்த ஒரு வாரம் இது தலைகீழானது. பயிற்சியாளரும் விளையாட்டுத் துறை இயக்குநரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் சில மணி நேரத்தில் கலைந்தது. ஐந்து நாளில் அந்த இயக்குநரின் பதவியும் போனது. பயிற்சியாளர் தேடலில் யூகம் எப்படி வேலை செய்கிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இங்கே கால்பந்து என்றால் நாம் தெருவில் உதைக்கிற பந்தாட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தோடு, தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து பதினொரு பேர் மோதும் அமெரிக்க ஆட்டம். ஆடுபவர்கள் மாணவர்கள். ஆனால் சுற்றிலும் ஓடுகிற பணம் மாணவர் விளையாட்டுக்கு உரியது அல்ல. டென்னசியின் நேலண்ட் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மிக அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் ஆளுநர் அல்ல, அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளர்தான்.

பயிற்சியாளர்கள் இடம் மாறும் இந்தப் பருவத்தை அங்கே ராட்டினம் என்கிறார்கள். பொருத்தமான சொல்தான். ஓரிடம் காலியானால் அதை நிரப்ப இன்னொரு இடம் காலியாகும், அது இன்னொன்றைக் காலியாக்கும். 2017-இல் அந்த ராட்டினம் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றியது. ஃபுளோரிடா பல்கலைக்கழகம் டான் மல்லனை எடுத்ததும் அதே நவம்பர் 26 அன்றுதான். டெக்ஸஸ் ஏ அண்ட் எம் அந்த வார இறுதியில் தன் பயிற்சியாளரை நீக்கிவிட்டு, சில நாட்களில் ஜிம்போ ஃபிஷரை 10 ஆண்டு, 7.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கொண்டுவந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே சந்தையில் நின்றார்கள்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பள்ளி முடிக்கும் வீரர்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறோம் என்று கையெழுத்திடுவது அதுவரை பிப்ரவரியில் நடந்துவந்தது. அந்த ஆண்டு முதல்முறையாக டிசம்பர் 20 முதல் 22 வரை முன்கூட்டியே ஒரு கையெழுத்துக் காலம் வைத்தார்கள். பயிற்சியாளர் யார் என்று தெரியாமல் பதினேழு வயதுப் பையன் எப்படிக் கையெழுத்துப் போடுவான்? ஆகவே நவம்பர் முடிவதற்குள் ஆளைப் பிடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் வந்தது. முன்பு இரண்டு மாதம் பொறுமையாகத் தேடியதை இப்போது இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டும். ஒருவரைப் பற்றி ஊரில் என்ன பேச்சு இருக்கிறது, அதற்கு என்ன பதில் சொல்லப் போகிறோம் என்று நிதானமாக யோசிக்க வேண்டிய நேரம்தான் இதில் முதலில் அடிபட்டது.

சரி, டென்னசி ரசிகர்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஃபிலிப் ஃபுல்மர் 1992 முதல் அங்கே தலைமைப் பயிற்சியாளர். 1998-இல் தேசியப் பட்டம் வென்று கொடுத்தவர். 2008-இல் அவரை வெளியேற்றினார்கள். அடுத்து வந்த லேன் கிஃபின் ஒரே ஒரு சீசன் இருந்துவிட்டு, 2010 ஜனவரியில் ஓர் இரவில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினார். மாணவர்கள் தெருவில் இறங்கி மெத்தைகளைக் கொளுத்தினார்கள். அப்புறம் டெரிக் டூலி வந்தார், மூன்று சீசனில் 15 வெற்றி, 21 தோல்வி. அவருக்குப் பின் 2013-இல் புட்ச் ஜோன்ஸ். அவர் மோசமில்லை. 2016-இல் ஒன்பது வெற்றி கண்டார். நம்பிக்கை துளிர்த்தது. 2017 அந்த நம்பிக்கையை வேரோடு பிடுங்கியது. ஃபுளோரிடாவிடம் கடைசி விநாடியில் வீசப்பட்ட நீளமான பாஸில் தோல்வி. ஜார்ஜியாவிடம் சொந்த மைதானத்தில் 41-0. அலபாமாவிடம் 45-7. நவம்பர் 11-இல் மிசௌரியிடம் 50-17. மறுநாளே ஜோன்ஸை நீக்கினார்கள். ஒப்பந்தத்தை முறித்ததற்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை சுமார் 82 லட்சம் டாலர். சீசன் முடிந்தபோது கணக்கு 4 வெற்றி, 8 தோல்வி. டென்னசி ஆடும் பல்கலைக்கழகப் பிரிவான எஸ்.இ.சி.க்குள் எட்டுப் போட்டியிலும் தோல்வி. ஒரே சீசனில் எட்டுத் தோல்வி என்பது டென்னசியின் வரலாற்றில் அதுவரை நடந்ததே இல்லை. கடைசித் தோல்வி அதே மாநிலத்தின் வாண்டர்பில்ட்டிடம், நவம்பர் 25 சனிக்கிழமை, நேலண்டில். ஷியானோ செய்தி வந்தது அதற்கு மறுநாள். காயம் ஆறுவதற்கு ஒரு முழு நாள்கூடக் கிடைக்கவில்லை.

இந்த ஏமாற்றத்தின் மேல் ஒரு கனவும் உட்கார்ந்திருந்தது. அந்தக் கனவின் பெயர் ஜான் குரூடன். டாம்பா பே அணிக்கு, தொழில்முறைக் கால்பந்தின் உச்சப் பட்டமான சூப்பர் போலை வென்று கொடுத்தவர், அப்போது இ.எஸ்.பி.என். தொலைக்காட்சியில் திங்கள் இரவுப் போட்டிகளின் வர்ணனையாளர். இளம் வயதில் டென்னசியில் பட்டதாரி உதவியாளராக இருந்தவர். மனைவியும் அங்கே படித்தவர்தான். இந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முறை பதவி காலியாகும்போதும் குரூடன் வருகிறார் என்று பேச்சு கிளம்பும். 2012-இல் டூலி போனபோதும் கிளம்பியது. அந்த முறை அவருக்கு கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியின் உரிமையில் பங்கு தரப் போகிறார்கள் என்பது வரை போனது. பிரவுன்ஸின் உரிமையாளர் டென்னசி பல்கலைக்கழகத்தோடு நெருங்கிய ஹாஸ்லம் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதால் அது நம்பும்படியாகவும் இருந்தது. உண்மையான இரண்டு தகவலுக்கு நடுவே ஒரு பொய்யை வைத்தால் அது தனியாகத் தெரிவதில்லை. பயிற்சியாளர் வதந்திகள் பெரும்பாலும் இப்படித்தான் கட்டப்படுகின்றன.

2017-இல் அது இன்னும் பெரிதாக வந்தது. ஒவ்வொரு விமானத்திலும் ரசிகர்கள் குரூடனைப் பார்த்தார்கள். வெளியில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம், ஆகவே விரிவாகச் சொல்கிறேன். தனியார் விமானத்தின் பதிவு எண் தெரிந்தால் அது எங்கே பறக்கிறது என்று காட்டும் இணையதளங்கள் உண்டு. பல்கலைக்கழகத்தின் விமானம், பணக்காரப் புரவலர்களின் விமானம் ஆகியவற்றின் எண்கள் தீவிர ரசிகர்களுக்கு மனப்பாடம். நள்ளிரவில் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வரைபடத்தில் ஒரு குட்டி விமானம் மெல்ல நகரும். நாக்ஸ்வில்லின் மெகீ டைசன் விமான நிலையத்திலிருந்து தெற்கே திரும்பினால், குரூடன் வசித்த டாம்பாவுக்கு. மேற்கே போனால் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பயிற்சியாளர் மைக் கண்டியைப் பார்க்க. உள்ளே யார் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. யாரோ ஒரு தொழிலதிபர் தன் வேலையாகப் போயிருக்கலாம். ஆனால் அரை மணி நேரத்தில் அது செய்தியாகிவிடும்.

இதற்கு ரசிகர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அந்த ஆண்டு ஏப்ரலில் பொறுப்பேற்ற விளையாட்டுத் துறை இயக்குநர் ஜான் கரி தேடலைப் பற்றி வாயே திறக்கவில்லை. பேசக்கூடாது என்பது இந்தத் தொழிலின் எழுதாத சட்டம். பேசினால், வேறு இடத்தில் வேலையில் இருக்கும் பயிற்சியாளர் பின்வாங்கிவிடுவார். அதனால் இரண்டு வாரம் ஒரு தகவலும் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பக் காத்திருப்பவர்கள் பலர். தன் ஆளுக்குச் சம்பளம் உயர வேண்டும் என்று ஒரு ஏஜென்ட் அவர் பெயரை நிருபர் காதில் போடுவார். போட்டியாளரைக் கலைக்க வேறொருவர் வேறு பெயரைப் போடுவார். இந்த ஆட்டத்தில் கசியும் செய்தி ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதனால் லாபம் பார்க்கிற யாரோ ஒருவர் இருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். குரூடன் வரவில்லை என்று பல்கலைக்கழகம் ஒரு வாரத்துக்கு முன்பே நேராகச் சொல்லியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஷியானோ பெயர் வந்தபோது அவ்வளவு உயரத்திலிருந்து யாரும் விழுந்திருக்க மாட்டார்கள்.

அந்த ஞாயிறு மதியம் செய்தி வெடித்தது. ஓஹையோ ஸ்டேட்டில் தற்காப்பு ஆட்டத்தின் பொறுப்பாளராக இருந்த ஷியானோதான் டென்னசியின் அடுத்த பயிற்சியாளர், ஒப்பந்தம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2001 முதல் 2011 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்து, தோற்றுக்கொண்டே இருந்த ஓர் அணியை நிமிர்த்தியவர். மொத்தக் கணக்கு 68 வெற்றி, 67 தோல்வி. பிறகு தொழில்முறை அணியான டாம்பா பேயில் இரண்டு சீசன், 11 வெற்றி, 21 தோல்வி. சூப்பர் போல் நாயகனை எதிர்பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு கசந்தது. இதுவரை நடந்தது சாதாரண ஏமாற்றம். இதோடு நின்றிருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு அமைதியாகியிருப்பார்கள்.

ஆனால் ஷியானோ 1990 முதல் 1995 வரை பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். ஜெர்ரி சாண்டஸ்கி வேலை பார்த்த அதே பென் ஸ்டேட். சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக சாண்டஸ்கி 2011-இல் கைதாகி, 2012-இல் 45 குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டவர்.

ஷியானோ மீதான குற்றச்சாட்டு என்ன என்பதைத் துல்லியமாகப் பார்க்க வேண்டும். அன்று பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்யவில்லை. பென் ஸ்டேட்டின் முன்னாள் உதவிப் பயிற்சியாளர் மைக் மெக்குவரி 2015-இல் ஒரு வழக்கில் வாக்குமூலம் கொடுத்தார். சாண்டஸ்கி ஒரு சிறுவனிடம் தவறாக நடந்ததைப் பார்த்ததாக ஷியானோ தன்னிடம் சொன்னார் என்று டாம் பிராட்லி என்ற இன்னொரு பயிற்சியாளர் தன்னிடம் சொன்னார் என்பது அதில் இருந்த ஒரு பகுதி. அதாவது மெக்குவரி எதையும் ஷியானோவின் வாயிலிருந்து கேட்கவில்லை. அவர் கேட்டதாகச் சொன்னது பிராட்லியிடம். அந்த ஆவணம் 2016 ஜூலையில் வெளியானது. வெளியானதும் ஷியானோ மறுத்தார், தான் எந்தக் கொடுமையையும் பார்க்கவில்லை, சந்தேகிக்க எந்தக் காரணமும் இருந்ததில்லை என்றார். பிராட்லியும் மறுத்தார். சங்கிலியில் மூன்று பேர், அதில் இருவர் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறார்கள். பென் ஸ்டேட் விவகாரத்தை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஃப்ரீ அறிக்கையில் ஷியானோவின் பெயர் இல்லை. அவர்மீது வழக்கு எதுவும் வந்ததில்லை.

இதை எல்லாம் படிக்க பத்து நிமிடம் போதும். ஆனால் பாறையில் எழுதியது ஒரே வரி. அதில் 'சொன்னதாகச் சொன்னார்' என்ற சொற்களுக்கு இடமில்லை.

பாறையின் படம் சில நிமிடங்களில் நாடெங்கும் பரவியது. விளையாட்டுத் துறைக் கட்டடத்தின் முன் கூட்டம் சேர்ந்தது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் சிலர் இந்த நியமனம் கூடாது என்று வெளிப்படையாக எழுதினார்கள். அவர்கள் அரசியல்வாதிகள், பல்கலைக்கழகத்தின் நிதிநிலை அவர்கள் கையைத் தாண்டித்தான் வருகிறது. நன்கொடையாளர்களின் போன்கள் ஓயவில்லை. ஷியானோவும் கரியும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தின் சார்பில் வளாகத் தலைமையின் கையெழுத்து அதில் விழவில்லை. அந்த ஒரு காலி இடத்தின் வழியாகத்தான் பல்கலைக்கழகம் வெளியேறியது. மாலைக்குள் பேச்சு முறிந்துவிட்டது என்று செய்தி வந்தது. மறுநாள் கரி ஓர் அறிக்கை விட்டார். ஷியானோவின் பின்னணியைக் கவனமாக ஆராய்ந்தோம், ஃப்ரீ அறிக்கையில் அவர் பெயர் இல்லை என்பதையும் பார்த்தோம் என்று. அந்த அறிக்கை ஒரு நாள் முன்னதாக, பெயரோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும். இந்த வாரத்தில் கரி செய்த தவறுகளில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இதுதான். குற்றச்சாட்டு இருப்பது அவருக்குத் தெரியும். பதிலும் கையில் இருந்தது. கேள்வி தெருவுக்கு வந்து, தீர்ப்பும் எழுதப்பட்ட பிறகு பதிலை வெளியே எடுத்தார்.

கூட்டத்தில் நின்ற எல்லோரும் ஒரே காரணத்துக்காக நின்றார்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். டென்னசி பல்கலைக்கழகம் அதற்கு முந்தைய ஆண்டுதான், 2016 ஜூலையில், விளையாட்டு வீரர்கள் தொடர்பான பாலியல் வன்முறைப் புகார்களைச் சரியாகக் கையாளவில்லை என்று எட்டுப் பெண்கள் தொடுத்த வழக்கை 24.8 லட்சம் டாலர் கொடுத்து முடித்திருந்தது. அந்த வளாகத்தில் படித்த ஒரு மாணவிக்கு, இப்படி ஒரு பெயரோடு இப்படி ஒருவர் வருவது உண்மையிலேயே வயிற்றைப் பிசைந்திருக்கும். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வாக்குமூலம் வெளியானபோது ஷியானோ ஓஹையோ ஸ்டேட்டில் வேலையில் இருந்தார். அதற்குப் பிறகு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு அங்கே தொடர்ந்தார். இப்படி ஒரு போராட்டம் அங்கே எழவில்லை. டென்னசியில் எழுந்ததற்குக் காரணம் அந்த ஆவணத்தில் இல்லை, பத்து வருடத் தோல்வியிலும் கிடைக்காமல் போன குரூடனிலும் இருக்கிறது. இந்த ஆள் வேண்டாம் என்று சொல்ல ரசிகர்களுக்கு முழு உரிமை உண்டு. 68-67 போதாது என்று சொல்லியிருந்தால் அது நேர்மையான வாதம். கையில் கிடைத்ததிலேயே கனமான கல்லை எடுத்து எறிந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கல் சாண்டஸ்கியால் பாதிக்கப்பட்ட சிறுவர்களின் துயரத்திலிருந்து எடுத்தது.

அடுத்து வந்த நாட்களை வேகமாகக் கடந்துவிடலாம். செவ்வாய்க்கிழமை ஓக்லஹோமா ஸ்டேட்டின் மைக் கண்டி, இருக்கும் இடத்திலேயே இருக்கிறேன் என்றார். புதன்கிழமை பர்டூவின் ஜெஃப் பிராமோடு பேச்சு நடந்து நின்றது. வியாழக்கிழமை வட கரோலினா ஸ்டேட்டின் டேவ் டோரன் மறுத்தார், தன் பல்கலைக்கழகத்தில் புதிய ஒப்பந்தமும் வாங்கினார். யூகத்தில் பெயர் அடிபடுவது ஒரு பயிற்சியாளருக்கு எவ்வளவு லாபம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஞாயிறன்று நடந்ததைப் பார்த்த பிறகு, டென்னசியின் அழைப்பை எடுப்பதற்கே ஆட்கள் யோசித்தார்கள். யாராவது சரி என்று சொன்னால் அவருடைய வாழ்க்கையும் அந்த மாலைக்குள் தோண்டப்படும்.

வியாழன் இரவு கரி லாஸ் ஏஞ்சலீஸில் வாஷிங்டன் ஸ்டேட்டின் மைக் லீச்சைச் சந்தித்தார். லீச் வரத் தயாராக இருந்தார் என்று பிற்பாடு செய்திகள் வந்தன. ரசிகர்களும் மகிழ்ந்திருப்பார்கள், அவருடைய தாக்குதல் ஆட்டம் அப்படிப்பட்டது. ஆனால் டிசம்பர் 1 வெள்ளிக்கிழமை கரியை நாக்ஸ்வில்லுக்குத் திரும்ப அழைத்து, வளாகத் தலைவரான சான்சலர் பெவர்லி டேவன்போர்ட் பணியிடைநீக்கம் செய்தார். அன்றே அந்தப் பதவிக்கு வந்தவர் ஃபிலிப் ஃபுல்மர். ஆம், 2008-இல் வெளியேற்றப்பட்ட அதே ஃபுல்மர். அவரை வெளியேற்றிய காலத்தில் கரியும் அங்கே விளையாட்டுத் துறையில்தான் வேலையில் இருந்தார். இதை வைத்துப் பழிவாங்கல் கதைகள் நிறையப் பின்னப்பட்டன. அவற்றுக்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. இன்னொரு மனிதர்மீது இன்னொரு வதந்தியை ஏற்றுவதற்காக நான் இதை எழுத உட்காரவில்லை. 2018 மார்ச்சில் கரியின் கணக்கை 25 லட்சம் டாலர் கொடுத்து முடித்தார்கள். மே மாதத்தில் டேவன்போர்ட்டும் நீக்கப்பட்டார்.

பொது ஆவணச் சட்டத்தின் கீழ் பத்திரிகைகள் கேட்டு வாங்கிய மின்னஞ்சல்கள், குறுஞ்செய்திகள், அந்த ஒப்பந்த ஆவணம் எல்லாம் பிறகு வெளியே வந்தன. ஜோன்ஸ் நீக்கப்பட்ட நவம்பர் 12-லிருந்து இரண்டு வாரம் ஒரு சொல்லும் வெளியே வராமல் காத்த அதே தேடல், முடிந்த பிறகு எழுத்துக்கு எழுத்து ஊர் முழுக்கப் படிக்கக் கிடைத்தது.

குரூடன் 2018 ஜனவரியில் ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் அணிக்குப் போனார். 10 ஆண்டு, 10 கோடி டாலர். 

ஃபுல்மர் 2017 டிசம்பர் 7 அன்று அலபாமாவின் தற்காப்புப் பொறுப்பாளர் ஜெரமி ப்ரூயிட்டை நியமித்தார். ஆறு ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 38 லட்சம் டாலர். அதற்கு முன் தலைமைப் பயிற்சியாளராக எங்கும் இருந்ததில்லை. ரசிகர்கள் வரவேற்றார்கள். நம் குரல் கேட்கப்பட்டது, நம்மவர் ஃபுல்மர் தேர்ந்தெடுத்தார் என்ற நிம்மதி. முதல் சீசன் 5 வெற்றி, 7 தோல்வி. இரண்டாவது சீசன் ஜார்ஜியா ஸ்டேட்டிடம் சொந்த மண்ணில் தோல்வியோடு தொடங்கி, எப்படியோ மீண்டு 8-5. மூன்றாவது 3-7. 2021 ஜனவரி 18-இல் ப்ரூயிட்டை நீக்கினார்கள். வீரர்களைச் சேர்ப்பதில் விதிமீறல்கள் நடந்ததாகப் பல்கலைக்கழகமே கண்டறிந்ததால், முறிவுத் தொகையான 1.26 கோடி டாலரைத் தரவில்லை. அன்றே ஃபுல்மர் ஓய்வை அறிவித்தார். 2023 ஜூலையில், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் தீர்ப்பு வந்தது. 200-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள், அவற்றில் 18 மிகக் கடுமையான பிரிவில். பல்கலைக்கழகத்துக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம், ஐந்தாண்டு கண்காணிப்பு, சில வெற்றிகள் ரத்து. ப்ரூயிட்டுக்கு ஆறாண்டுத் தடை.

ஷியானோ வந்திருந்தால் டென்னசி வென்றிருக்கும் என்று நான் வாதாடவில்லை. அவர் அங்கே தடுமாறியிருக்கவும் கூடும், ரசிகர்களின் கால்பந்துக் கணக்கில் நியாயம் இருந்தது. ஆனால் ப்ரூயிட்டைத் தேர்ந்தெடுத்த வாரத்தில் யாருடைய மனதிலும் முதலாவதாக இருந்த கேள்வி 'இவர் நல்லவரா, வல்லவரா' என்பதல்ல. 'இந்தப் பெயரைச் சொன்னால் ஊர் கொந்தளிக்குமா' என்பதுதான். ஆறு நாள் கொந்தளிப்பைப் பார்த்துவிட்டு, டிசம்பர் 20 நெருங்குகிறது என்ற பதற்றத்தோடு எடுத்த முடிவு வேறு எப்படி இருந்திருக்கும்?

அடுத்த தேடல் இதற்கு நேர் எதிராக நடந்தது. 2021 ஜனவரி 21-இல் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து டேனி ஒயிட் இயக்குநராக வந்தார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஜனவரி 27-இல் தன் பழைய பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஜாஷ் ஹைப்பலையே கூட்டி வந்துவிட்டார். யூகம் தலை தூக்குவதற்கே நேரம் கிடைக்கவில்லை. ரசிகர்கள் பெரிதாக உற்சாகப்படவுமில்லை. 2022 அக்டோபர் 15 அன்று டென்னசி, 2006-க்குப் பிறகு முதல்முறையாக அலபாமாவை வென்றது, 52-49. ரசிகர்கள் மைதானத்தில் இறங்கிக் கோல் கம்பங்களைப் பிடுங்கி, தெரு வழியாகத் தூக்கிப் போய் டென்னசி ஆற்றில் போட்டார்கள்.

ஷியானோ என்ன ஆனார்? 2019 நவம்பரில் ரட்கர்ஸ் மறுபடி பயிற்சியாளர் தேடியது. நவம்பர் 24, அதுவும் ஒரு ஞாயிறு, ஷியானோவோடு நடந்த பேச்சு முறிந்துவிட்டது என்று செய்தி வந்தது. ரட்கர்ஸ் ரசிகர்களும் கொதித்தார்கள், நன்கொடையாளர்களும் கொதித்தார்கள். இம்முறை அவர் வேண்டும் என்று. ஒரு வாரத்தில் பல்கலைக்கழகம் இறங்கி வந்தது. எட்டு ஆண்டு, 3.2 கோடி டாலர். முதல் போட்டி 2020 அக்டோபர் 24, மிச்சிகன் ஸ்டேட்டின் மைதானத்தில். பிக் டென் பிரிவில் தொடர்ந்து 21 போட்டிகள் தோற்றிருந்த ரட்கர்ஸ் அன்று 38-27 என்று வென்றது. கொரோனா காலம் என்பதால் பொதுமக்களை உள்ளே விடவில்லை. ஆட்டம் முடிந்து வீரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டபோது சுற்றிலும் இருக்கைகள் காலியாகக் கிடந்தன.